அடைப்புக்குறிக்குள் ஒரு மில்லிமீட்டர்

நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு டேரில் தனக்குத்தானே தடிமன் அளக்கிற ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கிக்கொண்டான். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் பொம்மைக் கார் பந்தயக் கிளப்புக்குக் கொண்டுவந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதன் வாயில் கொடுத்து அளந்துகொண்டிருந்தான். பிஸ்கட். கல்யாண மோதிரம். தலைவர் ஆஸ்டினின் காது மடல்.

"நாலு புள்ளி ஒண்ணு ஏழு. ரொம்பத் தேஞ்சுபோச்சே பெரியவரே."

"நாப்பத்தாறு வருஷமா என் வீட்டுக்காரி பேசறதக் கேட்ட காதுடா அது. இவ்வளவு மிஞ்சினதே பெருசு."

கெய்னர் ஒரு மூலையில் மோட்டார் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பர்ஸ்லெமின் கூரைகள்மேல் மழை பெய்வதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. ஹீட்டர் பக்கத்தில் ஈரக் கோட்டுகள் காய்ந்து, அறையில் நனைந்த நாய் வாடை அடித்தது. கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த மாடி. கீழே மனமகிழ் மன்றத்தில் யாரோ டி.வி.யில் கால்பந்து பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வது பலகை வழியாகக் கேட்டது.

"இதையும் ஒரு கை பாத்துருவோம்." கார்களைச் சோதிக்க ஆணியில் நூல்கட்டித் தொங்கவிட்டிருந்த பித்தளைத் தகட்டை டேரில் எடுத்தான். நடுவில் கவ்வி அளந்தான். "பாருங்க மக்களே. ஒண்ணு புள்ளி சைபர் சைபர். அப்பழுக்கு கிடையாது. நம்ம நீதிபதியம்மா மாதிரி."

எல்லாரும் கெய்னரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கண் தகட்டின் நுனியிலேயே நின்றது. அந்த ஓரம் மட்டும் பித்தளை போல மின்னாமல், ஈரம் பட்டது போல வேறு மாதிரி பளபளத்தது.

அவளே ஒட்டிய டேப்.

அறையின் முக்கால் பங்கை ஆறு தடங்கள் கொண்ட மரப் பாதை அடைத்துக்கொண்டிருந்தது. அதில் ஓடுபவை உள்ளங்கை நீளக் கார்கள். காரின் மூக்குக்கு அடியில் ஒரு சிறிய முளை. அது மரத்தில் வெட்டிய பள்ளத்தில் ஓடும். ஓட்டுகிறவன் கையில் ஒரு விசை. அழுத்தினால் வேகம், பேராசைப்பட்டு அழுத்தினால் கார் வளைவில் பள்ளத்தை விட்டுப் பறந்து தரையில் விழும். தன் ஓட்டத்தை முடித்தவன் அடுத்த ஓட்டத்துக்கு வளைவில் நின்று, விழுகிற கார்களைப் பொறுக்கி மறுபடி பள்ளத்தில் வைக்க வேண்டும். எதிராளி காரையும் தன் காரைப் போல அதே வேகத்தில் எடுத்து வைக்க வேண்டும். எழுதாத விதிகளில் அதுதான் முதலாவது. எழுதிய விதிகள் இருபத்து மூன்று. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவற்றைத் தட்டச்சு செய்தவள் கெய்னர்.

கார் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக வளைவைப் பிடிக்கும். அதனால் ஐந்தாம் விதி: "காரின் அடிப்பாகத்துக்கும் பாதைக்கும் நடுவில் கிளப் தகடு தடையில்லாமல் நுழைய வேண்டும் (1 மி.மீ.)."

மற்றவர்கள் கிளம்பும்போது அவள் டேரிலிடம் சொன்னாள், "அந்த வெர்னியர வச்சிட்டுப் போ. மோட்டார் தண்டெல்லாம் பாக்கணும்."

"என் பொண்டாட்டிய விட்டுட்டுப் போன்னா கூட யோசிக்க மாட்டேன், கெய்னர். பத்திரம்."

படியில் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் தகட்டின் ஓரத்தை வெர்னியரில் கொடுத்தாள். 1.12. துடைத்துவிட்டு மறுபடி. 1.12. ஒரு மில்லிமீட்டரைவிட ஒரு மயிரிழைக்குக் கொஞ்சம் கூட. மூன்றாவது முறை அளக்கவில்லை. அளந்தால் என்ன வரும் என்பது தெரிந்ததுதான்.

மார்ச் மாதம் அந்தப் பித்தளை ஓரம் அவள் ஆள்காட்டி விரலைக் கிழித்தது. அவளுக்கு விரல்தான் பிழைப்பு. பீங்கான் தொழிற்சாலையில் தட்டு பிரிக்கிற வேலை. சூளையிலிருந்து வரும் தட்டை விரல் நுனியால் சுற்றித் தடவி, கணுவால் ஒரு தட்டுத் தட்டி, ஓசையைக் கேட்டு, முதல் தரம், இரண்டாம் தரம், உடைப்பு என்று ஒதுக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம். விரலில் பிளாஸ்டர் போட்ட கையோடு தகட்டின் ஓரத்திலும் கண்ணாடி டேப்பை மடித்து ஒட்டினாள். இரண்டு காயத்துக்கும் ஒரே நேரத்தில் கட்டுப் போட்டது போல. பிளாஸ்டரை நாலு நாளில் பிய்த்தெறிந்தாள். டேப்பை மறந்தாள்.

மறந்தாளா?

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

கிளப்பின் வருஷம் செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடியும். அந்த மே மாதம் கடைசிப் பந்தயம். நெவில் க்ளூஸ் இரண்டு சுற்று முன்னால் முடித்தார். அறுபத்தேழு வயது, பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். மனைவி ஐரிஸ் சக்கர நாற்காலியில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலிருந்து ஐந்து வரை மட்டும் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். அந்த நாலு மணி நேரம்தான் நெவிலின் உலகம். வியாழக்கிழமைப் பயிற்சிக்கு அவர் வந்ததே இல்லை. அன்றைக்கு, டேரில் ஓடிய அரையிறுதியில், அவர்தான் கடைசி வளைவில் நின்றார். டேரிலின் கார் மூன்று முறை பறந்தது. மூன்று முறையும் அது தரையைத் தொடும் முன்னே பிடித்தது போல எடுத்து வைத்தார். டேரில் இறுதிக்கு வந்ததே அந்தக் கையால்தான்.

ஓட்டம் முடிந்ததும், வழக்கம்போல ஜெயித்த காரை மட்டும் கெய்னர் கண்ணாடிப் பலகையில் வைத்துத் தகட்டை நுழைத்தாள். முன்பக்கம் இடித்தது. மறுபடி. இடித்தது.

"அளந்து பாரு கெய்னர்," என்றார் நெவில். கோட்டுப் பையிலிருந்து டிப்போ காலத்து வெர்னியரை எடுத்து நீட்டினார். கோடுகளைக் கண்ணால் படிக்கிற பழைய வகை, ஒரு கோடு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. "ஒண்ணு, மேல மூணு கோடு. காலைல பாத்தேன்."

"விதி கிளப் தகடு நுழையணும்னு சொல்லுது நெவில். உங்க வெர்னியர் நுழையணும்னு சொல்லல."

"ஒரு மில்லிமீட்டர்னும் சொல்லுதே."

"அது அடைப்புக்குறிக்குள்ள."

யாரோ சிரித்தார்கள். செயற்குழுவில் ஆஸ்டின், டேரில், கெய்னர் என்று மூன்று பேர். டேரில் இரண்டாவதாக வந்தவன் என்பதால் வாய் திறக்கக் கூடாது. ஆஸ்டின் கையை விரித்தார். "சோதிக்கறவ நீ. நீ சொல்றதுதான்." அறை முழுக்க அவளையே பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது. தொழிற்சாலையில் தட்டுகள் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் சொன்னாள், "முப்பது வருஷமா இதுதான் என் பொழப்பு நெவில். என் கை தொட்டா தெரியும். இது தாழ்வு."

நெவில் வெர்னியரைப் பைக்குள் வைத்தார். காரைப் பெட்டியில் வைத்தார். அடுத்த ஓட்டம் எதுவும் இல்லை, இருந்தாலும் வழக்கப்படி தன் வளைவுக்குப் போய், கீழே சிதறிக் கிடந்த ஒரு சக்கரத்தைப் பொறுக்கி மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கினார். அதற்கப்புறம் வரவில்லை. கிளப் கேடயத்தில் டேரிலின் பெயர் ஏறியது.

என் கை தொட்டால் தெரியும். அப்படியானால் அன்றைக்குத் தகட்டைப் பிடித்திருந்த அதே கைக்கு, கட்டைவிரலுக்கு அடியில் வழவழத்த அந்த டேப்பும் தெரிந்திருக்க வேண்டுமே? ஞாயிறு மாலையும் திங்களும் செவ்வாயும் கெய்னர் இதையே சுற்றிச் சுற்றி வந்தாள். விரலுக்குத் தெரிந்தது, தனக்குத் தெரியவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தாள். விரல் வேறு, தான் வேறா? பத்தாயிரம் தட்டில் கண்ணுக்கே தெரியாத கீறலைக் கண்டுபிடிக்கிற விரல். நெவில் "அளந்து பாரு" என்றபோது உள்ளே ஏதோ ஒன்று, ஒரு நொடி, சுருங்கிப் பின்வாங்கியது. அது மட்டும் நன்றாக நினைவிருந்தது. அந்தச் சுருக்கத்தின் மேல்தான் அடைப்புக்குறியை எடுத்துப் போர்த்தினாள்.

புதன்கிழமை வேலைக்குப் போகும் முன்னால் ஆஸ்டின் வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறையில் ஓட்ஸ் தோசைக்குள் சீஸை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஒன்று வைத்தார். அவள் தகட்டை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் மெல்வதை நிறுத்தவில்லை.

"அவ்வளவுதானே. டேப்ப உரிச்சுப் போடு கண்ணு."

"அப்புறம் நெவில்?"

"நெவிலுக்கு என்ன? எல்லாருக்கும் அதே தகடுதான். ஒரே தராசுல எல்லாரையும் நிறுத்தா அதுல என்ன அநியாயம்?"

"ஒரே தராசு இல்ல ஆஸ்டின். மத்தவங்க வியாழக்கெழம வந்து, அந்தத் தகட்ட வச்சே கார சரிபண்ணினாங்க. மார்ச்சுக்கு அப்புறம் என்ன எல்லார் காரும் இடிக்குதுன்னு டேரில் பொலம்பினானே, ஞாபகம் இருக்கா? இடிச்சுது, ஒசத்தினாங்க. நெவிலால வியாழக்கெழம வர முடியாது. வீட்ல உக்காந்து விதிய படிச்சு, ஒரு மில்லிமீட்டர்னு போட்டிருக்கேன்னு நம்பிக் கட்டினாரு. எழுதினத நம்பினவர் அவர் ஒருத்தர்தான்."

ஆஸ்டின் தட்டைத் தள்ளி வைத்தார். "ஆறின புண்ணக் கீறாத கெய்னர். பதினாலு பேர் இருக்கோம். போன வருஷம் பத்தொம்பது. இத நீ பொதுக்குழுவுல சொன்னேன்னு வையி, அடுத்த வருஷம் நீயும் நானும்தான் ஓட்டிக்கிட்டிருப்போம். அதுவும் நீ என்ன மட்டம் தட்டிருவே."

"தெரிஞ்சே மறைக்கச் சொல்றீங்க."

"தெரியாத மாதிரியே இருன்னு சொல்றேன். இவ்வளவு நாள் அப்படித்தான இருந்தே?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் தைத்தது.

தோசையைக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். அன்று முழுக்கத் தட்டுகளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மேற்பார்வையாளர் வந்து, "என்ன கெய்னர், இன்னிக்கு எல்லாமே இரண்டாம் தரமா?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தாள், முதல் தரத்துக்கான தள்ளுவண்டி பாதிகூட நிரம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. ஆஸ்டின் பேசி முடித்ததும் அவள் எழுந்தாள். தகட்டைத் தூக்கிக் காட்டி, டேப்பைக் காட்டி, எண்ணைச் சொன்னாள். யார் ஒட்டினது என்பதையும் சொன்னாள். வெர்னியரை மேசை நடுவில் வைத்து, வேண்டுமானால் அளந்து பாருங்கள் என்றாள். ஒவ்வொருவராக அளந்தார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை. வாயாடி லெஸ் மட்டும், "ஆக நீதிபதியம்மாவே தராசுத் தட்டுக்கு அடியில ஈயம் ஒட்டி வித்திருக்காங்க," என்றான். அவன் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

"அப்ப கேடயம் நெவிலுக்கு," என்றார் ஒருவர். "அநியாயமா வெளிய போட்டோம். குடுத்துருவோம்."

"குடுத்துருவோம்," என்று இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒரு தவறைத் திருத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் வந்துவிட்டிருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றான் டேரில். அவன் எழுந்திருக்கவில்லை. கையில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அந்த மரக் கேடயத்தின் படம், அதில் சின்னத் தகட்டில் அவன் பெயர். பத்தொன்பது வருஷம் ஓட்டி அவன் ஜெயித்த ஒரே பந்தயம். "என் கார் ஒண்ணு புள்ளி ஒண்ணு அஞ்சுல ஓடிச்சு. ஏன்? அந்தத் தகடு இடிச்சுது, ஒசத்தினேன். தகடு சரியா இருந்திருந்தா நானும் ஒண்ணுலதான் ஓட்டியிருப்பேன். அவர விட வேகமாக்கூட ஓட்டியிருப்பேன். மாட்டேன்னு யாராவது சொல்ல முடியுமா?"

போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"அவருக்கு அநியாயம் நடந்தது சரி. அதுக்கு நான் என்ன பண்ணேன்? விதிய மதிச்சேன். உங்க விதிய."

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி," என்றான் லெஸ்.

"கேடயத்த அறுத்துக் குடுப்பியா?"

கூச்சல் எழுந்தது. ஐந்தாம் விதியை ஒருவர் உரக்கப் படித்தார். அடைப்புக்குறியில் இருப்பது விதியா, விளக்கமா என்று ஒருவர் கேட்டார். எழுதினவளையே கேளுங்கள் என்றார் இன்னொருவர். எல்லாரும் திரும்பினார்கள். மே மாதம் பார்த்தது போலவே மறுபடி பார்த்தார்கள்.

கெய்னர் அந்த விதியைத் தட்டச்சு செய்த மாலையை நினைத்துப் பார்த்தாள். தகடு என்று எழுதினாள். பிறகு, எவ்வளவு என்று யாராவது கேட்பார்களே என்று அடைப்புக்குறி போட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தாள். ஒரு நாள் அவை பிரியும், பிரிகிற இடத்தில் ஒரு ஆள் நசுங்குவார் என்று நினைக்கவில்லை.

"எழுதும்போது ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேன்," என்றாள். "இப்ப ரெண்டுல எதப் புடிச்சாலும் ஒருத்தருக்குத் துரோகம். தகடுதான் விதின்னா நெவிலுக்கு. அளவுதான் விதின்னா டேரிலுக்கு. அதனால, போன வருஷத்துக்கு யாரும் ஜெயிக்கல. கேடயத்துல அந்த எடம் காலியா இருக்கட்டும். பதிவேட்டுல நெவில் பேருக்கு எதிர்ல 'விதி மீறல்'னு இருக்கறத அடிச்சிட்டு, 'சோதித்தவரின் பிழை'ன்னு எழுதணும். ஐந்தாம் விதில அடைப்புக்குறிய எடுத்துட்டு, தகட்ட ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால எல்லார் எதிர்லயும் அளக்கணும்னு சேக்கணும். அளக்கறது நான் இல்ல. வேற யாராவது."

எட்டுக்கு ஐந்து. தீர்மானம் நிறைவேறியது. டேரில் கை தூக்கவே இல்லை, எந்தப் பக்கமும். பெட்டியிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவள் முன்னால் உருட்டிவிட்டான்.

"நீயே கழட்டு."

இரண்டு திருகாணி. எறும்பளவு. கழற்றினாள். சின்னத் தகடு அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை அவனிடம் நீட்டினாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான். வாங்கவில்லை. போகிறபோது வெர்னியரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

ஆஸ்டின் கடைசியாக விளக்கை அணைத்தார். "சரியாத்தான் பண்ணே கண்ணு," என்றார். "யாருக்கும் சந்தோஷம் இல்லன்னா சரியாத்தான் இருக்கணும்."

மறுநாள் மத்தியானம் அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நெவில் வீட்டுக்குப் போனாள். கையில் கிளப் கடிதம். ஆஸ்டின் கையெழுத்துப் போட்டது. வரிசை வீடுகளில் கடைசி. வாசலில் ஐரிஸுக்காகப் போட்ட சாய்தளம் இருந்தது, ஆனால் அதன் மேல் பூந்தொட்டிகள் இருந்தன. அதைப் பார்த்தபடியே கெய்னர் கதவைத் தட்டினாள்.

நெவில் கோட்டும் தொப்பியுமாகக் கதவைத் திறந்தார்.

"கெய்னர். உள்ள வா. ரெண்டு பத்து பஸ்ஸுக்குக் கெளம்பிட்டிருந்தேன்."

"ஐரிஸ்...?"

"காங்கில்டன்ல. முதியோர் இல்லத்துல. ஆகஸ்ட்டுல சேத்தேன்."

உள்ளே நடுக் கூடத்தில் நாற்காலி நின்றிருந்த இடத்தில் கம்பளம் இரண்டு கோடாக அழுந்திக் கிடந்தது. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டேப், எண், கூட்டம், தீர்மானம். அவர் கடிதத்தை வாங்கிக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து, பிறகு கிட்டத்தில் பிடித்து, மெதுவாகப் படித்தார்.

"டேரில் பாவம்," என்றார்.

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"எனக்கா?" அவர் யோசித்தார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தேன். ஒண்ணு, மேல மூணு கோடு. மறுபடி அளந்தேன். அதே. அப்பதான் தோணிச்சு. அறையில அத்தன பேர் பாத்தாங்க, தகடு இடிச்சுது. கெய்னர் கையே தாழ்வுன்னு சொல்லிருச்சு. அப்ப பெசகு வெர்னியர்ல இல்ல, என் கண்ணுல." அவர் கடிதத்தை நாலாக மடித்தார். "ஐரிஸுக்கு ரெண்டு வேள இன்சுலின் நான்தான் போடுவேன். அதுலயும் கோடுதான். மேல ரெண்டு கோடு, கீழ ரெண்டு கோடு தப்பினா போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவயும் ஊசிய வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறேன், பாக்கறேன், போட முடியல. கை அப்படியே நின்னுடும். அவ, 'என்ன நெவ், இன்னிக்கே போடுவியா, இல்ல ஈஸ்டருக்கா'ன்னு கேலி பண்ணுவா. ஜூன் பூரா நர்ஸ கூப்ட்டேன். தெனமும் வர அவங்களால முடியல."

கெய்னர் சாய்தளத்தில் இருந்த பூந்தொட்டிகளை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஒன்னால இல்ல," என்றார் அவர் சட்டென்று. "எப்படியும் ஒரு நாள் போக வேண்டியதுதான். அடுத்த வருஷம், இல்ல அதுக்கடுத்த வருஷம். டாக்டர் சொன்னாரு."

ஒரு வருஷம் என்றால் எத்தனை நாள் என்று அவள் மனசு தானாகக் கணக்குப் போடப் பார்த்தது. நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார். "அப்ப என் கார் சரியா இருந்துச்சு. அப்படித்தானே? நான் படிச்சது சரி. ஒண்ணு, மேல மூணு கோடு."

அவள் வாய் 'ஆமாம்' என்று சொல்லத் தயாராகிவிட்டது. எவ்வளவு சின்ன வார்த்தை. அதைச் சொன்னால் அவர் தோள் இறங்கும், முகம் தெளியும், இன்றைக்கு பஸ்ஸில் ஐரிஸிடம் கொண்டுபோக ஒன்று இருக்கும். ஆனால் அது என்ன? மறுபடியும் அளக்காமல் ஒரு தீர்ப்பு. அன்றைக்குத் தாழ்வு என்று சொன்ன அதே வாய், அதே போல ஆதாரமில்லாமல், இன்றைக்குச் சரி என்று சொல்லும். தகடு 1.12 என்றுதான் அவளுக்குத் தெரியும். அதில் இடித்த கார் ஒன்றுக்கு மேலேயும் இருந்திருக்கலாம், ஒன்றுக்குக் கீழேயும் இருந்திருக்கலாம்.

"அந்தக் கார் இருக்கா நெவில்? இப்ப அளந்துரலாம்."

"அரத்தால ராவிட்டேன். அன்னிக்கு ராத்திரியே. அடிப்பக்கம் பூரா. சரி பண்றதா நெனச்சு."

"வெர்னியர்?"

"பழைய சாமான் விக்கற தர்மக் கடைல போட்டுட்டேன்."

அவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக யாரும் அவளிடம் எதற்கும் காத்திருந்ததில்லை.

"தெரியல நெவில்," என்றாள். "நான் அளக்கலையே."

அவர் தலையாட்டினார். ஒரு முறை.

"ஆமா," என்றார். "அளந்திருக்கலாம்."

கடிதத்தை உள்பையில் வைத்தார். கதவைப் பூட்டினார். பூட்டியதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளும் கூட நடந்தாள். போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. தூறல் ஆரம்பித்திருந்தது. நிழற்குடைக்குள் நின்றபடி அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, ஒட்டியும் ஒட்டாமலும் பிடித்து, நடுவில் தெரிந்த வெளிச்சத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இது எவ்வளவு இருக்கும்?"

கெய்னர் பார்த்தாள். முப்பத்தோரு வருஷமாக ஒரு மயிரிழைக்கும் இன்னொரு மயிரிழைக்கும் வித்தியாசம் சொன்னவள். எண் நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியல," என்றாள்.

பஸ் வந்தது. அவர் விரல்களை அப்படியே, அந்த இடைவெளி குலையாமல் பிடித்தபடி, மற்றக் கையால் கம்பியைப் பற்றி ஏறினார்.